முதலில் கரையேறியவன்

போன மாதம் நவீன் என்று ஒருவர் பொம்மிடியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சொந்த ஊர் மாரண்டஹள்ளி, ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை, மனசு முழுக்க சினிமா. காவிரி வெள்ளத்தில் மாட்டிப் பிழைத்த ஒரு காதல் ஜோடியைப் பற்றிக் கதை பண்ணிக்கொண்டிருக்கிறாராம். அந்த மீட்பில் பாறை வரைக்கும் போன ஆள் நான்தான் என்று பென்னாகரம் பக்கம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் ஆற்றிலேயே நில் என்றால் எப்படி? எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வெயிலில் வந்த மனிதரை வாசலோடு அனுப்ப முடியுமா? உட்காரச் சொன்னேன். வீட்டுக்காரி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கதையை முழுசாகச் சொன்னார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பண்ணியிருந்தார். தண்ணீர் ஏறுகிற இடத்தில் நானே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடைசியில் மோர் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“சார், ஒரே ஒரு எடம்தான் இடிக்குது. ஹீரோ பொண்ண பாறையில விட்டுட்டு மொதல்ல கரைக்கு வர்றான். படம் பாக்கறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க சார். பொண்ண மொதல்ல அனுப்பிட்டு அவன் கடைசியா வர்ற மாதிரி மாத்திக்கட்டுங்களா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு விண்ணென்று தலைவலி வந்ததுதான் மிச்சம். இந்தக் கேள்வி எனக்குப் புதுசா? கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள், பயிற்சிக்கு வந்த புதுப் பையன்கள் வரிசையாக நின்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் போனில் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள். ஈரச் சட்டையோடு ஒரு வாலிபன் கரையேறுகிறான், பின்னால் தூரத்தில் பாறைமேல் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே நம் ஜனங்கள் எழுதியதை எல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவையாவது நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஓய்ந்துபோகலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஜோடியின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் ஒன்றும் இல்லை. பயிற்சியில் ஓடவிட்டார்கள், ஏணி ஏறவிட்டார்கள், குழாயைச் சுருட்டிச் சுருட்டித் தோள் இறங்கிப்போனது. அதற்கப்புறம் வைக்கோல் போர், கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் பாம்பு, கோடையில் காட்டுத் தீ. தீயணைப்பு என்று பெயர், பாதி நாள் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. ஆற்றங்கரை ஊர்களில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியும்.

பென்னாகரத்தில் எங்களுக்கு நிலைய அலுவலராக இருந்தவர் பெரியண்ணன். குட்டையான ஆள், கொஞ்சம் தொப்பை, குரலே எழும்பாது. அவர் ஓடி நான் பார்த்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. காலையில் வந்ததும் கயிறுகளை எடுத்து வெயிலில் போடச் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கயிறாக விரலிடுக்கில் விட்டு இழுப்பார். எங்கேயாவது நைந்திருந்தால் விரல் நின்றுவிடும். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம், மாலை கட்டுகிறார் சாமி என்று. அவருக்குக் காது கேட்டிருக்கும், கண்டுகொள்ள மாட்டார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆற்றிலோ கிணற்றிலோ ஆள் மாட்டியிருந்தால், மாட்டியவரின் சொந்தக்காரர்கள் யாரும் கயிற்றில் கை வைக்கக் கூடாது. நம் ஊரில் கயிறு என்றதும் இருக்கிற சனம் எல்லாம் ஓடிவந்து பிடிப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் பெற்றவன் கையில் கயிறு இருந்தால் விசில் வரும் வரை அந்தக் கை பொறுக்காது, பதறி இழுத்துவிடும், பிள்ளை பாறையில் மோதும். அதனால் எங்கே போனாலும் முதல் வேலையாக அவர் சத்தம் போட்டுச் சொல்வது இதுதான்: சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா கயித்த விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. அழுதுகொண்டே தள்ளி நிற்பார்கள். அந்த நாள் வரை அவர் வார்த்தையை மீறி யாரும் கயிற்றில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்த நேரம் அழைப்பு வந்தது. ஒகேனக்கலுக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றின் நடுப்பாறையில் ஒரு ஆணும் பெண்ணும். தண்ணீர் குறைவாக இருக்கும் நாட்களில் அந்த இடத்தில் பாறை பாறையாகத் தாண்டி நடு ஆறு வரை போய்விடலாம். அங்கிருந்து அந்தக் கரைக்குப் பரிசல் வேண்டும். அக்கரை கர்நாடகா. இவர்கள் காலையிலேயே நடந்து பாறைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கமிருந்து ஒரு சிநேகிதன் பரிசலோடு வருவதாகப் பேச்சு. அதற்குள் மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பரிசல் அக்கரையிலேயே நின்றுவிட்டது. பாறை சுருங்கிக்கொண்டே வந்தது.

நாங்கள் போனபோது கரையில் ஊரே கூடியிருந்தது. ஆனால் ஒரு மாதிரி அமைதி. வழக்கமாக மாரில் அடித்துக்கொண்டு யாராவது ஓடிவந்து காலில் விழுவார்கள். அன்று ஒருத்தரும் வரவில்லை. யாருங்க பாறையில என்று டிரைவர் சம்பத் கேட்டார். தெரியாதுங்க என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

பெரியண்ணன் சார் வழக்கம்போல் சத்தம் போட்டார், சொந்தக்காரங்க இருந்தா தள்ளி நில்லுங்க என்று. யாரும் அசையவில்லை. திரும்ப ஒரு தடவை சொன்னார். அப்போதும் இல்லை. சரி என்று கயிற்றைக் கொடுத்தார். திடமான ஆட்களாகப் பத்துப் பேருக்கு மேல் வந்து வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் தோளில் பச்சைத் துண்டு.

கரையோரமாகவே மேலே கொஞ்ச தூரம் நடந்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பில் கயிற்றோடு இறங்கினேன். இழுப்பு என்னைக் கொண்டுபோய்ப் பாறையில் சேர்த்த கதையைச் சொன்னால் நான் பெருமை அடித்துக்கொள்வதாக ஆகும். முழங்கை கிழிந்தது, இரண்டு மடக்குக் காவிரி வயிற்றுக்குள் போனது. ஏறி நின்றேன்.

பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். ரம்யா என்று வைத்துக்கொள்வோம். பையன் அருள். இரண்டு பேருக்கும் உதடு வெளுத்துப்போயிருந்தது. சார் சொல்லிக்கொடுத்தபடி பெயரை மட்டும் கேட்டேன், வேறெதுவும் கேட்கவில்லை. கரையிலிருந்து ஒரு கயிறு, என் கையில் ஒரு கயிறு, நடுவில் மிதவை வளையம். ஆளை வளையத்தில் கட்டி விசில் அடித்தால் கரையில் இழுப்பார்கள். ஆள் கரையேறியதும் நான் வளையத்தைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொள்வேன். பெண்கள், பிள்ளைகள், பலவீனமானவர்கள் முதலில் போக வேண்டும். கூடுதலாகக் கொண்டுபோன ஜாக்கெட்டுகளில் ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“நான் போவலைங்ணா. அவர மொதல்ல அனுப்புங்க.”

பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, ஒண்ணும் ஆவாது தாயி, வா என்றேன். அவள் கரையைக் கை காட்டினாள்.

“அந்தப் பச்சத் துண்டு எங்கப்பா. பின்னால நிக்கறது பெரியப்பா. அதுக்குப் பின்னால எல்லாம் எங்க பங்காளிங்க. நான் கரைக்குப் போயிட்டா அப்பறம் இவருக்குன்னு கயித்த யாரு புடிப்பாங்க?”

நாங்க இருக்கறோம்ல, விட்டுருவமா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் காட்டிய கையை இறக்கவில்லை. நானும் கரையைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் சாரையும் சம்பத்தையும் சேர்த்து ஐந்து பேர். இரண்டு பேர் வண்டியில் கட்டிய முனையைப் பார்க்கிறார்கள். மற்ற கை எல்லாம் அவர்கள் கை. வெள்ளத்தில் ஆள் வரும்போது பத்துப் பேர் சேர்ந்து கையை எடுத்தால் மிச்ச ஆட்களால் என்ன செய்ய முடியும்? வழுக்கிவிட்டது என்றால் அதோடு முடிந்தது, ஆற்றின் மேல் யார் கேஸ் போடுவது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சார் கேட்டபோது அவர்கள் ஏன் விலகவில்லை என்று. விலகினால் பாறையில் நிற்பது எங்கள் வீட்டுப் பெண் என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகும். பையன் காலனிக்காரன். அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல்தான் யாரோ போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு ஓட்டை அந்தச் சட்டத்தில் இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

பையன் முடியவே முடியாது என்றான். என்னய விட்டுட்டு நீ போ என்று அழுதான். அவள் அழவில்லை.

“நான் இங்க நிக்கற வரைக்கும் கயித்த அவங்க விட மாட்டாங்க. நீ போனாத்தான் நான் வருவேன். போ.”

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சின்னப் பிள்ளை சட்டை போட்டுக்கொள்ளத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினான். நான் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக் கட்டினேன். கரையேறின உடனே ஆபீசர் காதுல சொல்லு, கயித்துல நிக்கறது பொண்ணு வூட்டு ஆளுங்கன்னு, என்று சொல்லி விசிலை ஊதினேன். அவனைக் கோழை என்று எழுதியவர்கள் யாரும் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

அவள் சொன்னது சரியாக இருந்தது. கயிறு ஒரு இடத்திலும் தளரவில்லை. இழுக்கிறவர்களுக்கு யாரை இழுக்கிறோம் என்று தெரிந்தது, இருந்தும் இழுத்தார்கள். அவன் கரையில் முட்டி போட்டு விழுந்தான். வீடியோ அந்த இடத்தில் முடிகிறது. அது ஏன் அங்கே முடிகிறது என்றால், அடுத்த நிமிடம் சார் போன் வைத்திருந்தவர்களை எல்லாம் கயிற்றுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மிச்சத்தைப் பாறைமேல் இருந்து நான் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, பிறகு சம்பத் சொல்லித்தான் தெரியும். பையன் சாரின் காதில் ஏதோ சொன்னான். அதற்குள் வரிசையில் இருந்து சிலர் கயிற்றைவிட்டு அவன் பக்கம் நகர்ந்தார்கள். சார் ஓடினார். பையனின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, கயிற்றின் முன் முனையை அவன் கையில் திணித்தார். பச்சைத் துண்டுக்காரருக்கு முன்னால், அவருக்கும் இவனுக்கும் ஒரு சாண் இடம்கூட இல்லை. பிறகு அந்த எழும்பாத குரலிலேயே சொன்னாராம்:

“பொண்ணு இன்னும் பாறையில இருக்குது. இப்ப இவன் கைதான் மொதக் கை. இவன் மேல யாரு கை பட்டாலும் கயிறு ஆடும். ஆடுனா பொண்ணு போயிரும். பாத்துக்குங்க.”

சொந்தக்காரன் கையில் கயிறு கூடாது என்று வாழ்நாள் முழுக்க அடித்துக்கொண்ட மனிதர், உலகத்திலேயே அந்தப் பெண்ணுக்கு மிகவும் வேண்டியவன் கையில் கயிற்றைக் கொடுத்தார். நகர்ந்தவர்கள் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

ரம்யாவைக் கட்டி விசில் அடித்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினாள். நடுவில் ஒரு சுழி அவளை முழுக்க உள்ளே இழுத்தது. அந்த நேரம் பதறி இழுத்திருந்தால் பாறைதான். பின்னால் அப்பன், முன்னால் இவன், இரண்டு பேருமே என் அடுத்த விசிலுக்குக் காத்திருந்தார்கள். எப்படிப் பொறுத்தார்களோ தெரியாது. அவள் மேலே வந்தாள், ஊதினேன், இழுத்தார்கள். அவளுக்குப் பிறகு என்னையும் அதே கைகள்தான் இழுத்துப் போட்டன.

நான் கரையேறியபோது அவள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். பையன் இன்னும் கயிற்றை விடவில்லை, சார் விடச் சொல்லவில்லை. எல்லோரும் அடுத்து என்ன என்று நின்றார்கள். சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தப் பொண்ணுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்கறீங்களா? இருந்தா முன்னால வந்து சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட வரலாம்.”

ஊர் முழுக்கப் பச்சைத் துண்டைப் பார்த்தது. யார் வீட்டுப் பெண் என்று தெரியாத ஒரு ஜீவன் அங்கே கிடையாது. என் பெண் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியில் ஏறிக் கூடவே வரலாம், ஆஸ்பத்திரி வாசலில் இருந்து வீட்டுக்கும் கூட்டிப்போயிருக்கலாம். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெரியப்பன் ஒரு எட்டு எடுத்துவைத்தார். அப்பன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையில் தோல் உரிந்து ரத்தம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

சார் திரும்பவும் கேட்டார். பிறகு, யாரும் இல்லைங்களா, சரி, ரெண்டு பேரையும் வண்டியில ஏத்துப்பா என்றார். பென்னாகரத்தில் நிற்காமல் நேராகத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி, அங்கே மகளிர் போலீஸ். பெண் வயது வந்தவள், வாக்குமூலம் கொடுத்தாள். ராத்திரிக்குள் பையனின் அக்கா வந்து ஓசூருக்கு அழைத்துப்போனாள். திரும்பும் வழியில் சார் டீ குடிக்கலாமா என்று கேட்டார். வாங்கிய டீயை ஆறவிட்டு, வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அந்தத் தகப்பன் ஏன் பேசாமல் நின்றார் என்று நானும் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். போன மாதம் வரை மானத்துக்காக என்றுதான் வைத்திருந்தேன். இன்றுவரை அவர் மகளோடு பேசவில்லை. அம்மா மட்டும் சந்தைக்குப் போகிற சாக்கில் மாரண்டஹள்ளி பஸ் நிலையத்தில் பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவாளாம்.

அருள் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். கேன்டீனில் வரிசை நின்றால், அருள் மொதல்ல போவட்டும்ப்பா, அவனுக்குத்தான் பழக்கம், என்று இன்னும் கிண்டல் செய்வார்களாம். அவன் ஒரு நாளும் காரணத்தைச் சொன்னதில்லை. சொன்னால் அவள் அப்பனைக் கொலைகாரன் ஆக்க வேண்டும். அது வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள், அவன் வாயை மூடிக்கொண்டான்.

நவீன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. கதை அவர்களுடையது, நான் யார் முடிவு பண்ண என்று ரம்யாவுக்குப் போன் போட்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள்தான் என்னைக் கூப்பிடுவாள். விஷயத்தைச் சொன்னேன்.

“மாத்திக்கட்டும்ங்ணா. படத்துலயாச்சும் அவரு என்னைய மொதல்ல அனுப்பட்டும். ஒரு தடவ அவர நல்லவருன்னு நாலு பேரு சொல்லட்டும்.”

இத்தனை வருடம் உண்மை உண்மை என்று நான்தான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தேன், அவளுக்கு அது வேண்டவே வேண்டாம் போலிருக்கிறது. சரிம்மா, அப்படியே சொல்லிடறேன் என்றேன். போனை வைக்கப் போகும்போது அருள் வாங்கினான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

“வேண்டாங்ணா. அவ போன்னா, நான் போனேன். அதனாலதான் ரெண்டு பேரும் இருக்கறோம். அத எடுத்துட்டா எங்க கதையில என்னங்ணா மிச்சம்?”

உன்னைத்தான் எல்லாரும் கேவலமாகப் பேசுகிறார்களே என்றேன். பேசட்டுங்ணா, பழகிப்போச்சு என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான், அவள் பக்கத்திலிருந்து நகர்ந்திருப்பான் போல.

“இன்னொண்ணு சொல்லுங்க அவர்கிட்ட. மாமனார மட்டும் கெட்டவரா காட்ட வேண்டாம். அன்னிக்கு அவரு எனக்குப் பின்னால நின்னு இழுத்தாரு இல்லீங்களா, இழுக்கறப்ப முச்சூடும் என் முதுகுல சாஞ்சுக்கிட்டு அழுதாருங்ணா. விட்றாதப்பா, விட்றாதப்பான்னு. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு.”

அதை ரம்யாவிடம் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். சொன்னா அவ அப்பாவத் தேடிட்டு ஊருக்குப் போயிருவாங்ணா, அங்க பெரியப்பன் இருக்காரே என்றான்.

நவீனுக்குப் போன் பண்ணி, எதையும் மாற்ற வேண்டாம், பெண்ணின் அப்பனைக் கெட்டவராகக் காட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படம் ஓடாதுங்க சார் என்றார். ஓடாட்டிப் போவுது தம்பி என்றேன்.